ஒரே ஒரு பவுண்டு: ஆர்சனல் சுவாரெஸைக் கோட்டை விட்ட கோடைக்காலம்

[திரையில் எண் மட்டும்: 4,00,00,001]

நான்கு கோடியே ஒரு பவுண்டு. 2013 ஜூலையில் உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸை எங்களுக்குக் கொடுங்கள் என்று லண்டனின் ஆர்சனல் கிளப் லிவர்பூலுக்கு எழுதிக் கொடுத்த விலை இது.

கல்யாண வீட்டில் மொய் எழுதியவர்களுக்கு அந்தக் கடைசி ஒன்று புதிதல்ல. நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, ஆயிரத்தொன்று. அங்கே அந்த ஒரு ரூபாய் மங்கலம். இங்கே அது சாவி. சுவாரெஸின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, நான்கு கோடி பவுண்டுக்கு மேல் ஒருவர் விலை சொன்னால் கதவு திறக்கும் என்று ஆர்சனல் நம்பியது. "மேல்" என்றால் எவ்வளவு மேல்? ஒரு பவுண்டு மேல் போனாலும் மேல்தானே!

கதவு திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது தெரிந்தால், ஒவ்வொரு கோடையிலும் நாம் நடத்தும் அந்த முடிவில்லாத வாதம், "யாரை வாங்க வேண்டும்?" என்ற வாதம், வேறு மாதிரி தெரியத் தொடங்கும். காணொலியைக் கடைசி வரை பாருங்கள். நடுவில் ஒரு கடிபட்ட கை வரும், கடைசியில் பதின்மூன்று வயதில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பையன் வருவான்.

முதலில் பின்னணி, வேகமாக. 2005-க்குப் பிறகு ஆர்சனல் கோப்பை எதையும் வெல்லவில்லை. 2006-இல் எமிரேட்ஸ் என்ற புது மைதானம், அதற்கான கடன். 2011-இல் ஃபாப்ரெகாஸும் நஸ்ரியும் போனார்கள். 2012-இல் ராபின் வான் பெர்சியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள். அவர் அங்கே போய் 26 லீக் கோல்கள் அடித்து அவர்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆகவே 2013 கோடையில் ஆர்சனல் ரசிகர்களின் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரர். ரியல் மாட்ரிட்டின் ஹிகுவைன் வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவர் நாப்போலிக்குப் போனார். அவ்வளவுதான் பின்னணி. இப்போது சுவாரெஸிடம் வருவோம்.

அந்த ஏப்ரலில்தான் செல்சியின் இவானோவிச்சின் கையைக் கடித்து 10 ஆட்டத் தடை வாங்கியிருந்தார் சுவாரெஸ். லிவர்பூல் லீகில் 7-ஆம் இடம். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் ஆட வழியில்லை. அவருக்கோ அங்கே ஆடியே ஆக வேண்டும். ஆர்சனல் 4-ஆம் இடம் பிடித்து அந்த வாசலில் நின்றது. பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

ஜூலை இறுதி வாரத்தில் அந்தக் கடிதம் போனது. லிவர்பூலின் உரிமையாளர் ஜான் ஹென்றி ட்விட்டரில் பதில் போட்டார்: எமிரேட்ஸில் இருப்பவர்கள் எதைப் புகைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிளப்பின் உரிமையாளர் இன்னொரு கிளப்பைப் பற்றி ஊரறியக் கேட்ட கேள்வி அது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பகுதியைச் சொல்லத்தான் இந்தக் காணொலியையே தொடங்கினேன்.

ரிலீஸ் கிளாஸ், அதாவது ஒப்பந்தத்தில் எழுதும் விடுவிப்பு விதி, என்ற சொல்லை நாம் எல்லோரும் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது நாட்டுக்கு நாடு வேறு பொருள். ஸ்பெயினில் அது சட்டத்தோடு பின்னிப்பிணைந்தது. தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்காக 1985-இல் வந்த அரசாணையின்படி, வீரர் ஒரு தொகையைக் கட்டித் தன் ஒப்பந்தத்திலிருந்து தானே வெளியேறலாம். அந்தத் தொகையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். கிளப்பின் விருப்பம், வெறுப்பு எதுவும் செல்லாது. 2017-இல் நெய்மார் பார்சிலோனாவை விட்டது அப்படித்தான். 22.2 கோடி யூரோ! நெய்மாரின் வழக்கறிஞர்கள் பணத்தோடு ஸ்பானிய லீக் அலுவலகத்துக்குப் போனார்கள். லீக் வாங்க மறுத்தது. உடனே பார்சிலோனாவிடமே நேரில் கட்டிவிட்டார்கள். பார்சிலோனா அழுதாலும் சிரித்தாலும் நெய்மார் போயாயிற்று.

இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அங்கே எல்லாம் எழுதப்பட்ட வாசகத்தைப் பொறுத்தது. "இந்தத் தொகை வந்தால் விற்றே ஆக வேண்டும்" என்பது ஒரு வாசகம். "இந்தத் தொகை வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்" என்பது இன்னொன்று. காகிதத்தில் இரண்டுக்கும் நாலைந்து சொற்கள்தான் வித்தியாசம். சுவாரெஸின் வரி இரண்டாவது வகை என்றது லிவர்பூல். வீரர்கள் சங்கத்தின் தலைமை நிர்வாகி கோர்டன் டெய்லரும் அது தானாகவே விடுதலை தரும் வாசகம் அல்ல, நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்ற வாசகம் என்றே கருத்துச் சொன்னார். சுவாரெஸ் வெளிப்படையாகப் பேட்டி கொடுத்துப் பார்த்தார். தனியாகப் பயிற்சி செய்ய வைக்கப்பட்டார். கடைசியில் லிவர்பூலிலேயே தங்கினார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2014-இல் பாஸ்டனில் நடந்த ஒரு விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் அதே ஜான் ஹென்றி மேடையில் சொன்னார்: ஆமாம், அவருக்கு 4 கோடி பவுண்டு விடுவிப்பு விதி இருந்தது, நாங்கள் விற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் வாசகம் எப்படி இருந்தாலும், நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட அந்தக் கோடையில் ஒருவருக்கும் நேரம் இல்லை என்பதை லிவர்பூல் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

ஆனாலும் தவறு ஆர்சனலுடையது என்பதே என் கருத்து. ஒரு வீட்டை விற்கச் சற்றும் மனமில்லாதவர், "50 லட்சத்துக்கு மேல் என்றால் பேசலாம்" என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து 50 லட்சத்து ஒரு ரூபாயை எண்ணி வைத்தால் என்ன ஆகும்? அவருக்கு வீட்டின் மேல் இருந்த பாசம் இரண்டு மடங்காகும். 4 கோடியே 50 லட்சம் என்று போயிருந்தால் அது பேரம். ஒரு பவுண்டு சேர்த்தது சீண்டல். வாசகத்தைப் படித்தவர்கள் மனிதர்களைப் படிக்கவில்லை.

[திரையில்: 2013 ஆகஸ்ட் 17. ஆர்சனல் 1, ஆஸ்டன் வில்லா 3]

லீகின் முதல் ஆட்டமே சொந்த மைதானத்தில் தோல்வி. பணத்தைச் செலவு செய்யுங்கள் என்று அரங்கமே பயிற்சியாளர் வெங்கரைப் பார்த்துக் கத்தியது. அதுவரை அந்தக் கோடையில் வந்திருந்தவர் யாயா சனோகோ, அதுவும் பணம் கொடுக்காமல். வீரர்களை வாங்கக் கடைசி நாள் செப்டம்பர் 2. சந்தை மூடும் நேரம் லண்டனில் இரவு 11 மணி. நமக்கு விடியற்காலை மூன்றரை. அன்று நான் தூங்கவில்லை. கைபேசியின் வெளிச்சம் வீட்டில் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று போர்வைக்குள் வைத்துப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். மைதானத்துக்கு வெளியே லண்டன் ரசிகர்கள் கூடி நின்றார்கள்.

வந்தது மெசுட் ஓசில். 4 கோடியே 25 லட்சம் பவுண்டு; ஆர்சனல் அதுவரை யாருக்கும் கொடுத்திராத தொகை. அதற்கு முந்தைய நாள்தான் ஆர்சனலின் பரம எதிரியான டாட்டன்ஹாமிடமிருந்து கேரத் பேலை உலகச் சாதனை விலைக்கு வாங்கியிருந்தது ரியல் மாட்ரிட். பேலுக்கு இடம் கொடுக்க ஓசில் நகர வேண்டியிருந்தது. டாட்டன்ஹாம் தன் சிறந்த வீரரை விற்றதால் ஆர்சனல் வீட்டில் விளக்கெரிந்தது. அன்று விடியற்காலை நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஓசிலின் முதல் ஆட்டம் சண்டர்லாந்தில். 11-ஆவது நிமிடம். உயரத்திலிருந்து இறங்கிய பந்தை ஓட்டத்தை நிறுத்தாமல் இடது காலில் வாங்கி, நிமிர்ந்து ஒருமுறை பார்த்து, முன்கள வீரர் ஜிரூவுக்குத் தட்டிவிட்டார். கோல். பார்த்தவர்களுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனால் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நாம் கேட்டது ஸ்ட்ரைக்கர். கிடைத்தது, கோலுக்கு வழி அமைத்துக் கொடுக்கும் நடுகள வீரர். பெரிய பெயர் வந்ததும் காலியாக இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த 2013-14 பருவத்தில் சுவாரெஸ் லிவர்பூலுக்காக 33 லீக் ஆட்டங்களில் 31 கோல்கள் அடித்தார், ஒரு பெனால்டி கூட இல்லாமல். ஜிரூ 16. பிப்ரவரியில் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் முதல் 20 நிமிடத்துக்குள் லிவர்பூல் 4 கோல்கள் போட்டு, 5-1 என ஆர்சனலை நொறுக்கியது. ஆர்சனல் அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையை வென்றது உண்மை. லீகில் மறுபடி 4-ஆம் இடம் என்பதும் உண்மை.

2015 கோடை இதைவிடக் கொடுமை. முதல் அணிக்கு வந்த ஒரே ஆள் கோல்கீப்பர் பீட்டர் செக். களத்தில் ஓடி ஆட ஒருவரும் இல்லை! அந்தப் பருவத்தில் ஓசில் 19 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தார். முன்னால் நின்ற ஜிரூவின் லீக் கணக்கு மறுபடியும் அதே 16. பட்டத்தைத் தூக்கியது லெஸ்டர், 10 புள்ளி வித்தியாசத்தில். ஜிரூவை நான் குறை சொல்லவில்லை. அவர் தன்னால் முடிந்ததைக் கொடுத்தார். பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தாதது அவர் குற்றமா?

பட்டம் வென்ற அந்த லெஸ்டரிடமே 2016-இல் போனது ஆர்சனல். ஜேமி வார்டியின் விடுவிப்பு விதி சுமார் 2 கோடி பவுண்டு. இந்த முறை வாசகத்தில் குழப்பமே இல்லை, சாவி சரியாகப் பொருந்தியது, கதவும் திறந்தது. வார்டி யோசித்துப் பார்த்துவிட்டு, நான் இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். 2025 வரை லெஸ்டரிலேயே இருந்தார்.

இப்போது 2025-க்குத் தாவுவோம். ஆர்சனலுக்கு மூன்று பருவம் தொடர்ந்து 2-ஆம் இடம். குளிர்காலத்தில் முன்கள வீரர்கள் ஜெசுஸ், ஹாவெர்ட்ஸ் இருவருக்கும் காயம். ஜனவரியில் ஒருவரையும் வாங்காததால் நடுகள வீரர் மெரினோவை முன்னால் நிறுத்தி ஆட வேண்டியதாயிற்று. முந்தைய பருவத்தில் 91 லீக் கோல்கள் அடித்த அணி 69-க்கு இறங்கியது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி பெஞ்சமின் செஷ்கோ: 22 வயது, நெடிய உருவம், ஜெர்மனியின் லைப்சிக் கிளப், இனிமேல்தான் வளர வேண்டியவர். மறு கட்சி விக்டர் யோக்கரெஸ்: 27 வயது, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்காக 102 ஆட்டங்களில் 97 கோல்கள். "போர்ச்சுகல் லீகில் அடித்த கோலை எல்லாம் கணக்கில் சேர்க்கலாமா?" என்று முதல் கட்சி. "மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தாரே, அது எந்த லீக்?" என்று மறு கட்சி. நான் யோக்கரெஸ் கட்சி, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை கைநழுவிய பட்டத்துக்கு, வளரப் போகிறவரைவிட வளர்ந்து நிற்பவர்தான் தேவை.

அவரிடம் இன்னொரு சுவாரசியம். கோல் அடித்ததும் இரண்டு கை விரல்களையும் கோத்து வாயை முகமூடிபோல மூடிக்கொள்வார். 2024 நவம்பரில் லிஸ்பனில் ஆர்சனல் 5-1 என ஸ்போர்ட்டிங்கை வீழ்த்தியபோது, ஆர்சனல் தற்காப்பு வீரர் காப்ரியேல் ஒரு கோல் போட்டுவிட்டு, யோக்கரெஸின் கண் முன்னாலேயே அந்த முகமூடியைச் செய்து காட்டினார். எட்டு மாதத்தில் இருவரும் ஒரே உடை மாற்றும் அறையில்!

வந்த விதத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விலை 10 கோடி யூரோ. அதற்கும் குறைவாக விடுவதாகக் கிளப் வாய்வார்த்தை கொடுத்திருந்தது என்றது வீரர் தரப்பு. 6 கோடியும் மேற்கொண்டு 1 கோடியும் என்ற கணக்குக்கு அவர் போகவே மாட்டார், உறுதியாகச் சொல்கிறேன் என்றார் ஸ்போர்ட்டிங் தலைவர் வராண்டாஸ். யோக்கரெஸ் பயிற்சிக்குத் திரும்ப மறுத்தார். ஜூலை 26-இல் ஆறரைக் கோடி யூரோவை ஒட்டிய தொகைக்கும், மேற்கொண்டு ஏறத்தாழ 1 கோடிக்கும் கைமாறினார். 2013-இல் எழுதியது செல்லவில்லை. 2025-இல் எழுதாதது கிட்டத்தட்ட செல்லுபடியானது. செஷ்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்.

அதே கோடையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. செல்சியிலிருந்து நோனி மதுவேகே வருகிறார் என்றதும் சிலர் அவர் வேண்டாம் என்று இணையத்தில் மனுவே போட்டார்கள். யாரை வாங்கலாம் என்று வாதாடுவது ரசிகரின் உரிமை. வாசற்படி ஏறும் முன்பே ஒரு இளைஞனை வராதே என்பது வேறு. அதில் கையெழுத்திட்டவர் யாராவது இதைப் பார்த்தால், அவர் ஆடுவதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக அந்தப் பையன். எபெரெச்சி எஸே. ஆர்சனல் இளையோர் அணியில் இருந்தவனை 13 வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸிலிருந்து அவரை டாட்டன்ஹாம் கிட்டத்தட்ட வாங்கியே விட்டது. அவருடைய விடுவிப்பு விதி அந்த மாதம் காலாவதியாகிவிட்டதாகச் செய்தி. அதாவது சாவியே இல்லை. ஹாவெர்ட்ஸ் மறுபடி காயம்பட, ஆர்சனல் பேலஸுடன் நேராகப் பேசி முடித்தது. ஆகஸ்ட் 23-இல் லீட்ஸ் ஆட்டத்துக்கு முன் எமிரேட்ஸ் புல்தரையில் 10-ஆம் எண்ணோடு நின்றார். நவம்பர் 23-இல் அதே புல்தரையில் டாட்டன்ஹாம். ஆர்சனல் 4, டாட்டன்ஹாம் 1. எஸே மட்டும் 3.

சரி, இனி உங்கள் முறை. உங்கள் அணி எதுவாக இருந்தாலும், அடுத்த கோடையில் அங்கே எந்த இடம் காலி என்பதை முதலில் எழுதுங்கள். பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த காணொலி 2015-இல் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹேயாவை ரியல் மாட்ரிட் ஒரு சில நிமிடத் தாமதத்தில் இழந்த இரவைப் பற்றியது. அங்கே பணமும் தயார், வீரரும் தயார். காகிதம்தான் வந்து சேரவில்லை.