அகத்தியரைத் தேட வேண்டிய திசை

நேயர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு அகத்தியர் வீட்டுப் பெரியவர் மாதிரி. அதனாலோ என்னவோ, அகத்திய விண்மீன் எங்கே என்று கேட்டால் நெல்லையில் சிலர் பொதிகை இருக்கும் மேற்குத் திசையில் கையைக் காட்டுகிறார்கள். அங்கே தேடினால் கிடைக்காது. மாசி பிறந்ததும் இரவு 9 மணி சுமாருக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். உயரத்தில் பளிச்சென்று மின்னுவது சிரியஸ். அதற்கு ஏறக்குறைய நேர் கீழே, அடிவானிலிருந்து 28 பாகை உயரத்தில், இன்னொரு வெண்ணிற விண்மீன் தெரியும். அதுதான் அகத்தியர், மேலைநாட்டார் கனோபஸ் என்பார்கள். டெல்லியில் அது 9 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. லண்டன்வாசி ஊரில் இருந்தபடி அதை ஒருநாளும் காண முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இரவு வானின் விண்மீன்களில் பிரகாசத்தில் சிரியஸுக்கு முதலிடம், அகத்தியருக்கு இரண்டாமிடம். இந்த வரிசை எனக்கு நியாயமாகப் படவில்லை. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். சூரியனைப் போல 25 மடங்கு ஒளிதான் அதற்கு. அகத்தியரோ சுமார் 310 ஒளியாண்டுக்கு அப்பால், சூரியனைப் போல பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஒளி வீசுகிறது. இன்றிரவு நம் கண்ணில் படும் அந்த ஒளி, நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்த காலத்தை ஒட்டிப் புறப்பட்டது.

அதன் நிறை சூரியனைப் போல எட்டு முதல் பத்து மடங்குதான். ஆரமோ எழுபது மடங்கு, ஏறக்குறைய 5 கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், புதன் கோள் தன் பாதையில் மிக நெருங்கி வரும்போது விண்மீனுக்குள்ளேயே புகுந்துவிடும். மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்ததால் வந்த வீக்கம் இது. இத்தனை பெரிய உடம்புக்கு இவ்வளவே நிறை என்றால், வெளி அடுக்குகள் எவ்வளவு மெலிந்த வாயுவாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனாலும் மேற்பரப்பின் வெப்பம் 7,000 கெல்வினுக்கு மேல். நம் சூரியனைவிட அதிகம். திருவாதிரை போலச் சிவக்காமல் வெண்மையாகத் தெரிவது அதனால்தான். கடைசியில் வெடித்துச் சிதறுமா, வெண்குள்ளனாக, அதாவது எரிந்து முடிந்த சிறிய, அடர்ந்த விண்மீன் எச்சமாக, ஒடுங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லைக்கோட்டு நிறை அதற்கு.

விண்கலங்களுக்கும் இது வழிகாட்டி. பிரகாசமானது, சூரியன் செல்லும் பாதையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது. திசை பிடிக்க இந்த இரண்டும் போதும். 1964-இல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர் 4 இதை நம்பித்தான் சென்றது. முதலில் வேறு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டு தடுமாறி, பிறகுதான் அகத்தியரை அடையாளம் கண்டது. நெல்லையிலிருந்து பார்த்தால் பின்னிரவில் இந்த விண்மீன் இறங்குவது தென்மேற்கே, மகேந்திரகிரிப் பக்கம். ராக்கெட் எந்திரங்களை இஸ்ரோ சோதிக்கும் மலையடிவாரம் அது. பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நகர விளக்குகள் தொந்தரவு செய்தால் உவரிக் கடற்கரைக்குப் போங்கள். அங்கே தெற்கே மறைப்பு எதுவும் இல்லை. வணக்கம்.