மிளகின் சிறுநீரும் கொளத்தூர்க் கூழாங்கல்லும்

வணக்கம் நண்பர்களே. இன்று என் வயதான பூனை மிளகைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். இவன் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராததைச் சென்ற காணொளியில் பார்த்து, ‘சமத்துப் பிள்ளை’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். வயதான பூனை வழக்கத்துக்கு மாறாக நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, தைராய்டு ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டுமாம். முன்பு பார்த்த மருத்துவமனையிலோ, ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்காமல் கல்லீரல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். டானிக் என்றாலே எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது பார்க்கும் மருத்துவர், ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் படிப்புக்குமேல் எம்.வி.எஸ்சி. என்ற முதுநிலைப் படிப்பில் உள்மருத்துவம் பயின்றவர். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், இரத்தத்தில் 2.4 என்று வந்தது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே அது வரம்பைத் தாண்டும் என்றும், நீர் வற்றிய உடலிலும் அது ஏறக்கூடும் என்பதால் சிறுநீரின் அடர்த்தியையும் பார்த்தே முடிவு சொல்ல முடியும் என்றும் அவர் விளக்கினார்.

அந்தச் சிறுநீரைப் பிடித்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பூனைத் தட்டில் போடும் வழக்கமான மணல் உறிஞ்சிவிடும் என்பதால், சென்னைக் கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடையில் மீன்தொட்டிக் கூழாங்கல் வாங்கினேன். கிலோ அறுபது ரூபாய் என்றவரிடம் பேசிப் பேசி நாற்பதுக்கு முடித்தேன். கல்லைக் கழுவி, காயவைத்து, தட்டில் பரப்பினால், மிளகு ஒவ்வொரு கல்லாக முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். விடியற்காலையில் தட்டின் மூலையில் தேங்கியிருந்ததை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல. நலமான பூனைக்குப் பெரும்பாலும் 1.035க்கு மேல் இருக்கும் அடர்த்தி, இவனுக்கு 1.014 மட்டுமே. சர்க்கரையும் தைராய்டும் இல்லை; நாள்பட்ட சிறுநீரக நோய், நான்கு நிலைகளில் இரண்டாவது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். முன்னங்காலின் சுற்றளவில் முப்பது முதல் நாற்பது விழுக்காடு அகலமுள்ள குட்டிப் பட்டையைத் தேர்ந்தெடுத்துச் சுற்றினார்கள். அதற்கு முன் விளக்கைக் குறைத்து, என் மடியிலேயே அவனைச் சிறிது நேரம் அமைதியாக இருக்கவிட்டார்கள். பயத்தினாலேயே அழுத்தம் ஏறிவிடுமாம். முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்து எடுத்தவற்றின் சராசரியைக் கணக்கிட்டார்கள். 172 வந்தது. 160க்கு மேல் நீடித்தால் கண்ணின் விழித்திரை பிரிந்து பார்வையே போகக்கூடும். மறுமுறை வரச்சொல்லி அளந்தபோதும் குறையாததால், அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரையில் கால் துண்டு எழுதினார். இது மிளகுக்கு எழுதியது. உங்கள் பூனைக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவின் விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. அதைவிடக் கொடுமை, அவன் அதைத் தொடுவதில்லை. பட்டினி போட்டுப் பழக்கலாம் என்றால், சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். ஆகவே பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைக்கிறேன். பழையதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, விலை உயர்ந்ததைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைக்கிறான்.