பிரிஸ்பேன் குளிர்காற்றுக்கு ஒரு பரங்கிக்காய் ஸ்கோன்

வணக்கம் மக்களே, எல்லோரும் சாப்பிட்டாச்சா? இன்றைக்கு நம் காலைச் சாப்பாடு பரங்கிக்காய் ஸ்கோன், அதாவது பரங்கிக்காய் சேர்த்து ஓவனில் சுடுகிற மெத்தென்ற குட்டி ரொட்டி. பிரிஸ்பேனில் ஏப்ரல் வந்துவிட்டது, புழுக்கம் அடங்கி விடியற்காலையில் லேசாகக் குளிர்கிறது, ஓவனைப் போட்டாலும் அடுப்படியில் நிற்க முடிகிற மாதம் இதுதான், அதனால் தள்ளிப்போடாமல் செய்துவிடலாம்.

ஸ்கோன் பிரிட்டனிலிருந்து வந்தது, ஆனால் பரங்கிக்காய் ஸ்கோன் என்றால் இங்கே, பிரிஸ்பேன் இருக்கிற குவீன்ஸ்லாந்து மாநிலம்தான். 1968 முதல் 1987 வரை இந்த மாநிலத்தின் முதல்வராக இருந்த ஜோ பியெல்கி பீட்டர்சனின் மனைவி ஃப்ளோ, வேர்க்கடலைக்குப் பெயர்போன கிங்கராயில் குடியிருந்தவர், இந்த ஸ்கோனால்தான் ஆஸ்திரேலியா முழுக்கத் தெரிந்தவர். அவரே 1981 முதல் 1993 வரை செனட்டராகவும் இருந்தார். அவருடைய செய்முறையில் 2 கப் மாவுக்கு அரை கப் சர்க்கரை, ஒரு முட்டை, மசித்து ஆறவைத்த பரங்கிக்காய் ஒரு கப். நான் சர்க்கரையைப் பாதிக்கும் கீழே இறக்கி, மாவில் பாதியைக் கோதுமையாக்கிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிற பொருளுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

சர்க்கரையைக் குறைத்தும் ருசி வர வேண்டுமென்றால் காயிலிருக்கிற தண்ணீர் போக வேண்டும், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. பட்டர்நட் அல்லது கென்ட் வகைப் பரங்கிக்காய் வாங்குங்கள். சாம்பல் நீலத் தோலோடு இருக்கிற குவீன்ஸ்லாந்து புளூ கிடைத்தால் விடாதீர்கள், வெட்டக் கை வலிக்கும், ஆனால் சதை கெட்டியாக இருக்கும். தண்ணீரில் போட்டு வேகவைக்க வேண்டாம். இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வைக்கலாம், ஓவனில் சுட்டால் இன்னும் நல்லது. மசித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதோ பாருங்கள், கரண்டியில் எடுத்துப் போட்டால் அப்படியே குவியலாக நிற்கிறது, ஓரத்தில் தண்ணீர் பிரியவில்லை. பிரிந்தால் கடாயில் போட்டு, எண்ணெய் எதுவும் விடாமல் சின்னத் தீயில் கிளறி வற்றவிட்டு, மறுபடி ஆறவையுங்கள். காய் நீர்த்திருந்தால் மாவு கையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு சேர்ப்போம், கடைசியில் ஸ்கோன் கல்லாகிவிடும்.

சரி, மாவுக்கு வருவோம். மைதா ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், பேக்கிங் பவுடர் 4 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி. இதில் 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள், ரவை மாதிரி ஆகட்டும். முட்டையைக் காயோடு அடித்து ஊற்றி, கத்தியால் வெட்டுகிற மாதிரி கிளறிச் சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைகிற கை நமக்கெல்லாம், இங்கே அந்தக் கையை அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அழுத்திப் பிசையப் பிசைய குளுட்டன், அதாவது மாவுக்கு இழுவை தருகிற புரதம், இறுகி ஸ்கோன் எழும்பாது. கோதுமை மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அதனால் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு அப்புறம் பார்த்தால் அதே மாவு கைக்கு வசமாகியிருக்கும். ரொம்ப வறண்டிருந்தால் மட்டும் ஒரு கரண்டி பால்.

பலகையில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, டம்ளரின் விளிம்பை உலர்ந்த மாவில் தோய்த்து நேராக அழுத்தி எடுங்கள். திருகாதீர்கள், திருகினால் ஓரம் ஒட்டிப்போய்ச் சாய்ந்து எழும்பும். தட்டில் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நெருக்கி வையுங்கள், பக்கங்கள் மெத்தென்று இருக்கும். நன்றாகச் சூடேறிய ஓவனில், 220 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், மேலே லேசாகச் சிவக்கிற வரை. எடுத்ததும் சுத்தமான துணியில் சுற்றிவிட்டால் மேல்தோல் காயாது.

சூட்டோடு கையால் பிட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள். என் வீட்டில் பக்கத்தில் கெட்டித் தயிரும் வறுத்த வேர்க்கடலையும் இருக்கும், மதியம் வரை பசி தாங்கும். மிச்சமிருந்தால் ஆறியதும் அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், மறுநாள் வெளியே வைத்தவற்றை விட ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஓவனில் சூடாக்கியவை எவ்வளவோ நன்றாக இருக்கும். முட்டை சேர்க்காதவர்கள் கால் கப் கெட்டித் தயிர் சேர்க்கலாம், கொஞ்சம் அடர்த்தியாக வரும், ருசி குறையாது.