அவிழ்த்த தோரணத்தை எடுத்து வைக்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பொங்கலுக்கு வாசலில் கட்டிய தோரணத்தை அடுத்த தைக்கும், அதற்கடுத்த தைக்கும் எடுத்துக் கட்டுவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பல ஆண்டுகளாகப் பனையோலைப் பின்னல் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் எப்படி முடைவது என்று கேட்கிறார்களே தவிர, முடைந்ததை எப்படி எடுத்து வைப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் குமரி மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்னட்டும். மாவிலை வாடட்டும், கரும்பைப் பிள்ளைகள் கடித்துத் தீர்க்கட்டும், தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பூ உதிர்ந்து தென்னை மூட்டில் உரமாகட்டும். இவற்றுக்கு மாற்றாக வருகிற பிளாஸ்டிக் மாவிலையும் ஒட்டுக் கோலமும்தான் எனக்கு மனவருத்தம் தருகின்றன. பலமுறை பயன்படும் என்று சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள். ஆனால் வெயில் பட்டதும் அவை நிறம் வெளுத்து, தொட்டால் பொடியாக உதிர்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் கொடிகளும் அடங்கும் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

ஆண்டு முழுவதும் வாசலில் நிற்கும் அலங்காரம் நம் ஊருக்குப் புதிதன்று. புது நெற்கதிரை வைத்து வழிபடும் ஆடி மாதத்து நிறைபுத்தரி நாளில் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் போன்ற கோயில்களில் பூசை செய்து தருகிற நெற்கதிரை வாங்கிவந்து, வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவது நாம் அறிந்த வழக்கம். குருவி கொத்தாமல், மழைச்சாரல் படாமல் இருந்தால் அந்தக் கதிர் அடுத்த நிறைபுத்தரி வரையில் அப்படியே இருக்கும். கதிர் முற்றி நன்றாகக் காய்ந்திருப்பதும், அதைக் காற்றோட்டமான இடத்தில் கட்டுவதுமே அதற்குக் காரணம். ஓலைக்கும் பொருந்தும் விதி இதுவே.

தென்னங்குருத்தில் செய்த தோரணம் இரண்டு மூன்று நாளில் சுருண்டுவிடும். பனங்குருத்து அப்படியன்று. குருத்தை விரித்து வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, வேண்டுமானால் சாயப்பொடி கலந்த கொதிநீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்திய பிறகு முடைந்த கிளியும் மீனும் பல பொங்கல்களைக் காணும். நான் முதன்முதலாக முடைந்த தோரணத்தில் இருபத்தொரு கிளிகள் இருந்தன. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், பனி ஈரம் உலருமுன்பே அதை அவிழ்த்து, தூசி படாதிருக்கட்டும் என்று பாலித்தீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டிப் பரணில் வைத்தேன். ஆனிச் சாரலின்போது பையைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. கிளிகளின் கழுத்து மடிப்புகளில் எல்லாம் கரும்புள்ளிகள். ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

அதன்பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். தோரணத்தை உச்சி வெயில் ஏறிய பிறகே அவிழ்க்க வேண்டும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, ஒரு பகல் முழுவதும் நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் இட்டால் சாயம் மங்கிவிடும். பிறகு மடிக்காமல் வட்டமாகச் சுற்றி ஓலைப்பெட்டியிலோ கடவம் என்னும் பெரிய ஓலைக் கூடையிலோ வைத்து, நான்கைந்து வசம்புத் துண்டுகளையும் காய்ந்த வேப்பிலையையும் இட்டுப் பருத்தித் துணியால் மூட வேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்க நம் முன்னோர் கையாண்ட பொருள்கள்தாம் இவை. சுவடிகளுக்குப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெயான புல் தைலத்தைப் பஞ்சில் தொட்டு, பின்னலின் அடிப்பக்கத்தில் இலேசாகத் தடவுவதும் நல்லது. மழைக்காலம் முடிந்து வெயில் காணும்போது ஒருமுறை எடுத்து உதறி வைத்தால் போதும்.

துணித் தோரணம் இன்னும் எளிது. பழைய நேரியது என்னும் மேல்துணியின் சரிகைக் கரையையும், தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத் துணியையும் முக்கோணமாக மடித்துக் கயிற்றில் தைத்தால் வாசலுக்குப் போதுமானது கிடைக்கும். கஞ்சிப் பசையோடு மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். கரப்பானும் இராமபாணப் பூச்சியும் கஞ்சியைத் தேடி வந்து, துணியையும் சேர்த்து அரித்துவிடும். நன்றாக அலசிக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும்.

காவியும் சுண்ணாம்பும் பூசிய அலங்காரப் பானைகளையும், தேய்த்து மெருகேற்றிய சிரட்டைத் தொங்கல்களையும் ஈரம் போகத் துடைத்துக் காற்றுப்படும் பலகையில் கவிழ்த்து வைத்தாலே போதும்.

மார்கழிக் கடைசியில் ஓலையை வெளியே எடுத்ததும் உடனே நீட்டிக் கட்ட வேண்டாம். காய்ந்த ஓலை மடிப்பில் முறியும். ஈரத்துணியைப் பிழிந்து அதன்மேல் போர்த்தி அரைமணி நேரம் விட்டால் ஓலை இளகும். நசுங்கிய கிளிகளை விரலால் நிமிர்த்தி, நிழலில் ஒரு பொழுது உலரவிட்டு, பிறகு வாசலில் கட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.