ஆதரவுக் குழுவுக்கு அரசு நிதி: கணக்கில் வராத மணி நேரங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் ஆதரவுக் குழுக்கள் அரசு நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது, கிடைத்த பணம் எங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குழு நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அரசு பொதுவாகத் தனிமனிதர் கையில் பணம் தராது. பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், அதன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடும் வேண்டும். பல திட்டங்களில் முந்தைய ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையும் கேட்பார்கள். புதிய குழுவிடம் அது எப்படி இருக்கும்? ஏற்கெனவே பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் வந்து எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், நிர்வாகச் செலவென்று எவ்வளவு பிடிப்பார்கள், வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் கடைசியில் மனக்கசப்புதான்.

இனி பட்ஜெட். பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். அறை வாடகை, நாற்காலி, துண்டுப் பிரசுரம் எல்லாம் விடாமல் எழுதுகிறார்கள். குழுவை நடத்துகிறவரின் நேரத்தை மட்டும் எழுதுவதில்லை. சேவைக்குக் கூலி கேட்பதா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் எத்தனையோ குழுக்கள் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதில்லை. அச்சடித்த பிரசுரம் மட்டும் பெட்டி பெட்டியாக மிஞ்சிக் கிடக்கும்.

கணக்குப் பாருங்கள். மாதம் இரண்டு கூட்டம் என்றால் ஆண்டுக்கு 24. ஒரு கூட்டம் 90 நிமிடம், 8 முதல் 12 பேர், நடத்த இரண்டு பேர். இரண்டு பேர் எதற்கு? பேச்சின் நடுவே ஒருவர் உடைந்து அழுதால், ஒருவர் அவரோடு வெளியே போக வேண்டும், மற்றவர் குழுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் இருவரும் செலவிடுவது ஆண்டுக்கு 72 மணி நேரம். விண்ணப்பத்தில் பெரும்பாலும் இதுதான் வரும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எல்லோருக்கும் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும், முன்கூட்டியே போய் அறையைத் திறக்க வேண்டும். முடிந்த பிறகு தனியாகப் பேச யாராவது ஒருவர் கட்டாயம் நிற்பார். வராதவர்களை விசாரிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு கூட்டத்துக்கு 6 மணி நேரம் என்று வையுங்கள். இருவருக்கும் 288 மணி. புதிதாகச் சேரும் 40 பேரோடு தலா 45 நிமிட முதல் சந்திப்பு, அது 30 மணி. நடத்துகிறவர்கள் மனம் சோர்ந்துபோகாமல் இருக்க, மாதம் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு பேச வேண்டும். அதில் இருவருக்கும் 24 மணி. காலாண்டு அறிக்கை நான்குக்கும் 40 மணி. மொத்தம் 382. அறைக்குள் கழியும் நேரத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்!

ஊதியமே வேண்டாம், எல்லோரும் தன்னார்வலர்கள் என்கிறீர்களா? அப்போதும் இந்த 382 மணியை எழுதுங்கள். செலவில் ஒரு பங்கை அமைப்பே போட வேண்டும் என்று கேட்கும் திட்டங்கள் உண்டு. தன்னார்வலர் நேரத்துக்கு மதிப்புப் போட்டு அந்தப் பங்காகக் காட்ட அவற்றில் சில இடம் தருகின்றன. தேதி, வேலை, மணி, கையெழுத்து என்று நான்கு பத்தி போட்ட நேரப் பதிவேடு முதல் நாளிலிருந்தே இருந்தால்தான் அது செல்லும். ஆண்டுக் கடைசியில் ஒரே பேனாவால் உட்கார்ந்து எழுதிய பதிவேட்டைத் தணிக்கையாளர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து, என்ன பலன் கிடைக்கும் என்று எழுதுவது. குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று எழுதவே எழுதாதீர்கள். 1989-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் ஆய்வுக் குழுவினர், உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை ஆராய்ந்து, ஆதரவுக் குழுவில் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக வெளியிட்டார்கள். இன்றும் பல விண்ணப்பங்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. 2007-இல் ஸ்பீகல் குழுவினரே திரும்பச் செய்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆனால் அந்தக் கனடா ஆய்விலேயே மன உளைச்சலும் வலியின் வேதனையும் குறைந்தது தெரிந்தது, அதுவும் தொடக்கத்தில் அதிகம் தவித்தவர்களுக்கு. அதை எழுதுங்கள், அது நிற்கும். விண்ணப்பத்தைப் படிக்கும் நிபுணருக்கு இந்த ஆய்வுகள் எல்லாம் தெரிந்திருக்கும்.

உளைச்சலை அளக்கவும் எளிய வழி இருக்கிறது. வெப்பமானி வடிவில் 0 முதல் 10 வரை கோடு போட்ட ஒரு தாள், கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு உளைச்சல் என்று குழுவில் சேர்ந்தவரே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் உதவி தேவையா என்று பார்க்க வேண்டும். சேரும்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை போதும். கூட்டத்துக்குக் கூட்டம் நீட்டினால் எரிச்சல்தான் வரும்.

வருகையை இலக்காக வைக்கும்போது நிதானம் வேண்டும். '80 சதவீதம் பேர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள்' என்று எழுதினால் நீங்களே குழி வெட்டிக்கொள்கிறீர்கள். கீமோ பல பேருக்கு 21 நாள் சுழற்சியில் நடக்கிறது. மருந்து ஏறிய முதல் சில நாள் சிலருக்கு எழுந்து நடமாடவே முடியாது. பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும், அந்த நேரத்தில் தொற்று எளிதில் வரும் என்பதால், ஆட்கள் நெருக்கமாகக் கூடும் இடத்துக்குப் போக வேண்டாம் என்று மருத்துவரே சொல்லியிருப்பார். உங்கள் குழு 14 நாளுக்கு ஒரு முறை கூடுகிறது, கீமோ எடுப்பவர் உடம்பு தேறுவது 21 நாளுக்கு ஒரு முறை. சிலர் சிகிச்சை முடிந்து வேலைக்குப் போய்விடுவார்கள், சிலர் இறந்தும் போவார்கள். ஆகவே '8 கூட்டங்களில் குறைந்தது 4' என்று எழுதுங்கள், தொலைபேசி வழிச் சந்திப்பும் வருகையாகக் கொள்ளப்படும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விலகியவர்களைக் காரணத்தோடு தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மரணம் அறிக்கையில் 'இலக்கு எட்டப்படவில்லை' என்று பதிவாகும்.

பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும். பெயரும் நோயும் ஒரே தாளில் சேர வேண்டாம். தணிக்கையாளர் பெயர் கேட்பார், அது அவர் வேலை. பட்டியலை உங்கள் அலுவலகத்திலேயே பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் நடக்காது.

பணம் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். உதாரணமாக 50, 40, 10 சதவீதம் என்று பிரித்தால், கடைசி 10 இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். அதற்குள் ஆண்டு முடிந்திருக்கும், வாடகையும் சம்பளமும் கொடுத்திருப்பீர்கள். அந்த 10 சதவீதத்தைக் கையிலிருந்து போட வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொகையை முடிவு செய்யுங்கள். வழி இல்லையென்றால் குறைவாகக் கேளுங்கள், குழுவையும் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் ஒரு செலவுத் தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றப் பொதுவாக முன் அனுமதி வேண்டும். பயணச் செலவில் மிச்சம் இருக்கிறதே என்று அறை வாடகைக்குக் கொடுத்துவிட்டால், ரசீது சரியாக இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தலைப்புவாரியாக மீதியைப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அந்த வாரமே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.