தாளில் இடம் இல்லாத அப்பா

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைவதுதான் பல வருடமாக என் வேலை. அந்தப் படங்களை அவசரப்பட்டு ஜோசியம் மாதிரி பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

தாங்க முடியாததை மனசு தள்ளி வைக்கும். வேலையிடத்தில் வாங்கிய திட்டை வீட்டுப் பாத்திரத்தின் மேல் காட்டுகிறோம் இல்லையா? தம்பி பிறந்ததும் பெரிய பிள்ளை மறுபடி விரல் சூப்புகிறது இல்லையா? இவற்றுக்குத் தற்காப்பு முறைகள் என்று பெயர். மனசை ஆராய்ந்த சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட் 1936-ல் இவற்றைத் தொகுத்து ஒரு புத்தகமே எழுதினார். எல்லாருக்கும் உள்ளதுதான். புண்ணின் மேல் பக்கு கட்டுகிற மாதிரி. பிய்த்தால் ரத்தம் வரும்.

வாய் மறைப்பதைக் கை காட்டிவிடும் என்ற நம்பிக்கையில் சோதனைகள் வந்தன. அமெரிக்காவில் ஜான் பக் என்ற உளவியலாளர் 1948-ல் வீடு, மரம், மனிதர் மூன்றையும் வரையச் சொல்லும் சோதனையை வெளியிட்டார். வீட்டின் புகைபோக்கியில் புகை அடர்த்தியாக இருந்தால் உள்ளே கொந்தளிப்பு என்பது அந்த வழியில் வந்த ஒரு விளக்கம்.

எண்ணூரில் ஒரு பையன் வீடு வரைந்தான். பின்னால் உயரமாக ஒரு குழாய், தாளின் மேல்பாதி முழுக்கக் கரும்புகை. கூட இருந்த பயிற்சி மாணவி கவலையோடு குறித்துக்கொண்டார். நான் அவனையே கேட்டேன். “கரண்ட்டு கம்பெனி மிஸ். மாடியிலேருந்து தெரியும். பொக வந்தா ஆயாவுக்கு இருமலு, அம்மா துணிய எடுத்துடும்” என்றான். அனல்மின் நிலையம்! அவன் கண்ணால் பார்ப்பதை வரைந்திருக்கிறான். இதை எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்: முதலில் பிள்ளையைக் கேளுங்கள்.

நிபுணர்களும் ஏமாறுவார்கள். மனிதரை வரையச் சொன்னால், சந்தேகப் புத்திக்காரர் கண்ணைப் பெரிதாகப் போடுவார் என்று பலர் நம்பினார்கள். 1967-ல் அமெரிக்க உளவியலாளர்களான சாப்மன் தம்பதி, படங்களோடு குணங்களை வேண்டுமென்றே சம்பந்தமில்லாமல் சேர்த்து, இந்தத் துறையே தெரியாத கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். அங்கே இல்லாத அதே தொடர்பை அவர்களும் ‘பார்த்தார்கள்’!

அப்படியானால் படத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒரு சிறுமி குடும்பத்தை வரைந்தாள். அம்மா, அண்ணன், ஆயா, பூனை, டிவி கூட உண்டு. அப்பா இல்லை. கேட்டதற்கு, “தாள்ல எடம் இல்ல மிஸ்” என்றாள். பாதித் தாள் காலி. நான் அதைக் காட்டவில்லை. இன்னொரு தாள் வேணுமா என்றேன், வேணாம் என்றாள். அப்பா குடிப்பவர் என்பது பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். சில வாரம் கழித்து ஒரு பஸ் ஸ்டாப் வரைந்தாள். கீழே ஒருவர் விழுந்து கிடக்கிறார். யாரும்மா இது? “வேற வூட்டு அப்பா.” முதலில் தாளிலேயே இடம் கிடைக்காதவர், இப்போது அடுத்த வீட்டுக்காரராக உள்ளே வந்துவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தத் தூரத்தை அவளேதான் நடக்க வேண்டும்.

ஓவிய சிகிச்சையின் முன்னோடி எடித் கிரேமர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கோபம் ஒரு நல்ல படமாக உருமாறுவதே மருந்து என்றவர் அவர். இன்னொரு நாள் பேசுவோம். பெற்றோருக்கு மட்டும் ஒன்று. எட்டு வயசுப் பிள்ளை திடீரென்று நாலு வயசுக் கிறுக்கலுக்குத் திரும்பி, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் தாமதிக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது படத்தை எடுத்துப் போங்கள். அதைப் பற்றிப் பிள்ளை சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே பின்பக்கம் எழுதி வையுங்கள். வணக்கம்.