நாட்சம்பளம் கூடினால் கைக்கு என்ன வரும்?

அன்பு நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் சம்பள உயர்வு என்றாலே எல்லோரும் ஒரு தொகையைத்தான் பேசுகிறார்கள். ஆயிரமா, ஆயிரத்து எழுநூறா? எனக்குத் தெரியவேண்டியது வேறு. மாதத்துக்கு எத்தனை நாள் வேலை? எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு முழுப் பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம்? இந்த இரண்டையும் விட்டுவிட்டு நாட்சம்பளத்தை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்கு.

2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் சட்டமானது. என் அண்ணி கொழுந்து எடுக்கிறவர். அந்த உயர்வு வந்தபிறகு ஒருநாள் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நாட்சம்பளம் ஆயிரம் என்றுதான் இருந்தது. ஆனால் வேலை கொடுத்த நாட்கள் குறைந்திருந்தன. எடுக்கவேண்டிய கிலோவைக் கூட்டியிருந்தார்கள். மலையில் கொழுந்து இல்லாத காலத்தில் அந்தக் கிலோ எங்கே வரும்? வராவிட்டால் அரைப் பேர். நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிவு வேறு. அப்புறம் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கத்துச் சந்தா, தீபாவளி முற்பணம். எல்லாம் போக, கைக்கு வந்த காசு முன்னரைவிடப் பெரிதாகக் கூடவில்லை. "அப்ப கூடின காசு எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் முடிவாகிறது. செலவு கூடினால் சாப்பாட்டுக் கடைக்காரர் ரொட்டி விலையைக் கூட்டிவிடுவார். தோட்டக் கம்பெனி அப்படிச் செய்ய முடியாது. வாங்குகிறவர்களுக்குக் கென்யாத் தேயிலையும் இருக்கிறது. ஆகவே கம்பெனி, ஒரு கிலோ கொழுந்துக்கு ஆகும் கூலியைப் பழைய அளவிலேயே வைக்கப் பார்க்கிறது. நாளுக்கு எவ்வளவு என்று சட்டம் சொல்கிறது. எது ஒரு நாள் என்று தோட்டம் சொல்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் எந்தப் பேச்சுவார்த்தையிலும் கடைசியில் கைவிடப்படுவது இதுதான்.

இன்னொன்று, விலைவாசி. 2021இல் ஆயிரம் ரூபா ஏறக்குறைய 5 டொலர். அடுத்த வருடம் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அது 3 டொலருக்கும் கீழே போனது. கோதுமை மா என்ன விலை விற்றது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆயிரம் அப்படியே நின்றது. 2024 மே மாதம் 1700 என்று அறிவித்தார்கள், கம்பெனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளத்தைக் கூட்டினால் வேலை குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்ச மணிக்கூலி 4.25 டொலரிலிருந்து 5.05 ஆனது. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவர் அங்குள்ள துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள், வேலைகள் குறையவில்லை. முதலாளிக்குப் பேரம் பேசும் பலம் அதிகமாக இருக்கும் இடத்தில் இப்படி நடக்கலாம் என்கிறார்கள் பொருளியலாளர்கள். குடியிருக்கும் லயமும் காணியும் கம்பெனியின் கையில் இருக்கும் தோட்டத்தைவிட அந்தப் பலம் வேறெங்கே அதிகம்? ஆகவே சம்பளத்தைச் சட்டமாக்கும் அடுத்த அரச வர்த்தமானியில் சம்பளத்தோடு வேலை நாட்களும் கிலோவும் எழுதப்பட வேண்டும். சிறுதோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். வணக்கம்.